திருக்கடையூர் மணிவிழாவில் யார் தண்ணீர் ஊற்றலாம்?

போன ஆனியில் வினோதினியின் அப்பாவுக்கு அறுபது நிறைந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம். வினோவும் நானும் சென்னையில் ஜோடியாக வாழும் இரண்டு பெண்கள். அவள் தனியாக வந்தால் கலசத் தண்ணீர் ஊற்றலாம், என்னோடு வந்தால் கிட்டே வரக்கூடாது என்று பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரியான அப்பா, அண்ணன் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் என்னோடுதான் வந்தாள். ஆனாலும் அம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீராவது ஊற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு.

தஞ்சாவூர் லாட்ஜிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை ஐந்துக்குக் கிளம்பினால் எட்டுக்குள் போய்விடலாம். வாடகைக் கார் நாலாயிரம் ரூபாய். வழியெல்லாம் குறுவை நடவு. எதுவுமே நடக்காமல் நிதானமாக நகரும் படங்கள் எங்கள் இருவருக்கும் பிடிக்கும். இதுவும் அப்படித்தான், தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்று நினைத்திருந்தேன். நினைப்பில் மண் விழுந்தது.

கோயில் பிரகாரத்தில் ஒரே நேரத்தில் பல மணிவிழாக்கள் நடக்கும். யாரோ ஒரு குடும்பத்துக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். பாவம், அவர்கள் எங்களையும் உறவென்று நினைத்துச் சந்தனமும் கல்கண்டும் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கம் வினோவின் அண்ணனும் அண்ணியும் ஊற்றி முடித்தார்கள். இன்னும் யாராவது உண்டா என்று குருக்கள் கேட்டார். அவ்வளவுதான் என்றார் அப்பா. சொட்டச் சொட்ட நனைந்திருந்த அம்மா மணையிலிருந்து எழுந்துவிட்டார்.

“எம்பொண்ணு அங்க தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ ஊத்தாம எனக்கு இந்தத் தாலி வேணாங்க.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா, கணவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக்கூடத் தயங்குகிறவர் என்று வினோ சொல்லியிருக்கிறாள். நாதஸ்வரம் நின்றுவிட்டது. அப்பா தாலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளை ஒரு ‘வா’ சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். சொல்லவில்லை. அம்மா நேரே எங்களிடம் வந்து, போகலாம் என்றார். அண்ணன் கெஞ்சக் கெஞ்சக் காரில் ஏறிவிட்டார். டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஏசியைக் குறைத்தார்.

செம்பனார்கோயில் தாண்டி, போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்த வயல் ஒன்றைப் பார்த்து அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் வரப்பில் உட்கார்ந்தார். டிரைவரின் தண்ணீர்க் கேனை வினோ நிரப்பி எடுத்துவந்தாள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீ என்னம்மா தள்ளி நிக்கிற? ஜோடியாத்தான் ஊத்தணும். கேனப் புடி.”

பிடித்தேன். அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் நான் முழுதாக மீளவில்லை.

போகிறவர்களுக்கு: சடங்குக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மாற்றுத்துணியைக் கையோடு வைத்திருங்கள். அம்மா என் சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் சென்னைக்கு வந்தார். அண்ணன் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். அப்பாவே வரட்டும், மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிடட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா இன்னும் வரவில்லை.