ஸ்டெல்லா அக்காவின் ரிவர்ஸ் சுவிட்ச்

பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு ஓனரம்மா வாசலில் வந்து நின்றார். "கம்பெனி பஸ்ஸு ஸ்டாப்பிங்ல நின்னுச்சாம். எல்லாரும் எறங்கிட்டாங்களாம். நம்ம ஸ்டெல்லா மட்டும் சீட்லயே உக்காந்துகினு இருந்துச்சாம்மா." சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாப்பா வாயைத் திறந்தாள். அடுத்த வாய் ஊட்டினேன்.

உடலை அவர் சொந்த ஊருக்கு, கோவில்பட்டிப் பக்கம் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் எப்படிப் போவாய் என்று கணவர் கேட்டார். நான் போகவில்லை. கார் கம்பெனியில் அக்காவோடு வேலை பார்த்தவர்களே, எங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்து காலி செய்து போனவர்களே, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூடப் போகாதவள் உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்காவின் வேலை உங்களுக்குத் தெரியும். பெயின்ட் அடித்து வரும் கார்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, குறை உள்ள இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. பாப்பாவின் கன்னத்தில் கொசு கடித்த தடிப்பைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, "ஏட்டி, ஒன் பீஸுல டிபெக்ட் இருக்கு. லைனுக்குத் திருப்பி அனுப்பட்டுமா?" என்பார். பாப்பா பிறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அவர் முன்னால்தான்.

நான் எலக்ட்ரிகல் படித்தவள். வல்லம் வடகாலில் பேட்டரி செய்யும் இடத்தில் வேலை பார்த்தேன், வயிறு தெரியும்வரை. "பாப்பா ஸ்கூலுக்குப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் கணவர். நல்லவர்தான். அவருக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும், யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும். எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர். பாப்பா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து மறுபடி மூச்சு. என் பகல்கள் இப்படித்தான் போயின.

எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் ஓடும் சந்தின் உள்கோடியில், யாரோ குடியிருந்தவர் விட்டுப்போன பழைய பைக் ஒன்று குழாயை மறைத்துக்கொண்டு கிடந்தது. எடைக்குப் போடப்போகிறேன் என்றார் ஓனரம்மா. அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். "எஞ்சின்தான் செத்துருக்கு, மத்ததெல்லாம் உசுரோடதான் இருக்கு. ஏ புள்ள, நீ கரண்டு படிச்சவதான? பேட்டரில ஓட வச்சிருவியா?"

"எதுக்குக்கா? கம்பெனி பஸ் இருக்கே."

"பஸ்ஸு வந்தாத்தான் போணும், பஸ்ஸு விட்டாத்தான் வரணும். நாம என்ன பார்சலா?"

விடுமுறை நாட்களில் அக்கா துரு சுரண்டினார், பெயின்ட் அடித்தார். படப்பை மெக்கானிக் ஒருவர் எஞ்சினைக் கழற்றி, பின்பக்கம் மோட்டார் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். எஞ்சின் இருந்த இடத்தில் பேட்டரிப் பெட்டி உட்கார்ந்தது. ஒயரிங் என் பொறுப்பு. பாப்பா அக்காவின் இடுப்பில் இருப்பாள், நான் தரையில். அந்த நேரங்களில் மட்டும் கேஸ் ஞாபகம் வராது.

மோட்டார் ஒயர்களின் நிறமும், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரின் ஒயர்களின் நிறமும் ஒத்துவரவில்லை. மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் ஒருமுறை சக்கரம் நடுங்காமல் சுழன்றது. "ரெடிக்கா!" என்றேன். வண்டியைக் கேட் அருகே தள்ளிப்போய், ரோட்டைப் பார்த்து நிறுத்தி, அக்கா ஏறி உட்கார்ந்து முறுக்கினார். வண்டி பின்னால் பாய்ந்து, சந்துக்குள் வந்து, ஓனரம்மாவின் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தது. ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரம் சுற்றுவதைப் பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

"இன்னாடி கூத்து இது! வண்டிய முன்னால ஓட்டுவாங்களா, பின்னால ஓட்டுவாங்களா?" என்று ஓனரம்மா கத்தினார். பதறிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனேன். நனைந்த சேலையோடு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாலயும் ஓட வை. ஆனா இத அழிச்சிராத."

எங்கள் சந்தில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. நேராக உள்ளே வந்தவர்கள் எல்லோரும் காலையில் காலால் உந்தி உந்திப் பின்னால்தான் வெளியே போவார்கள். "காருக்கு இருக்க ரிவர்ஸு நமக்கு ஆவாதா? திரும்ப எடமில்லன்னா திரும்பாமலே வெளிய போயிருவோம்" என்றார் அக்கா. கன்ட்ரோலரில் அதற்கும் வசதி இருந்தது. கைப்பிடியில் ஒரு சிவப்புச் சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன்.

ஆர்.டி.ஓ. அனுமதி வரவில்லை. ரோட்டுக்குப் போகக் கூடாது என்று நான்தான் பயந்து தடுத்தேன். அதனால் பின்னால் இருக்கும், வீடு கட்டாத மனைகளுக்குள்ளேயே சுற்றினோம். என்னையும் ஓட்ட வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் என் கண் அவர் இடுப்பிலிருந்த பாப்பாவிடம் போகும். "ஏட்டி, புள்ளயப் பாக்காத, ரோட்டப் பாரு!" என்று அதட்டுவார்.

இருங்காட்டுக்கோட்டையில் பழைய வண்டிகளை இப்படி மாற்றும் பட்டறை ஒன்றில் எனக்காக வேலை கேட்டு வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். ஒன் வீட்டுக்காரர்ட்ட நான் பேசுதேன்." அந்த ஞாயிறு வருவதற்குள்தான் பஸ் அவரை இறக்கிவிடாமல் நின்றது.

சாமான்களை எடுக்க அக்காவின் தம்பி வந்தார். பைக்கைச் சுற்றிவந்து பார்த்தார். "இதுல பெட்ரோலும் ஊத்த முடியாது. நா இத வச்சி என்ன செய்ய? நீங்களே வச்சிக்கிடுங்க தங்கச்சி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று மதியம் பாப்பாவை ஓனரம்மாவிடம் கொடுத்துவிட்டு, சிவப்புச் சுவிட்சைப் போட்டேன். வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. கதவுகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து முன்னால் போயின. கேட்டில் நிறுத்தினேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஞாயித்துக்கெழம அக்கா சொன்ன பட்டறைக்கு வேலை கேக்கப் போகணும்மா. பாப்பாவ வச்சிக்கிறீங்களா?"

"உன் வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

"இன்னும் சொல்லலம்மா."

"மொதல்ல அவராண்ட சொல்லு. அப்பால கொழந்தைய நான் பாத்துக்கறேன்."

பாப்பா அழத் தொடங்கினாள். வண்டியை நேராக உள்ளே விட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சுவிட்சும் ஓர் அதட்டலும். இதுவரை கேட் வரைதான் போயிருக்கிறேன். கணவர் ஷிப்டு முடிந்து வரும் நேரம் ஆகிவிட்டது. வந்ததும் சொல்ல வேண்டும். வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது. சார்ஜ் போட்டிருக்கிறேன்.