கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விழுப்புரம் கமிட்டியில், விளைச்சலை ஏலம் விடும் அந்தக் கொட்டகையில், மூட்டை தூக்கித்தான் பிழைப்பைத் தொடங்கினேன். இன்று வீடு விழுப்புரத்திலேயே இருக்க, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் வைத்திருக்கிறேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஏட்டில் படிக்காததையெல்லாம் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டேன். அதனால், வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு அவள் அம்மாவை அனுப்ப வேண்டி வந்தபோது, விசா வாங்குகிற வித்தையையும் பார்த்தே பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மகளுக்கு அது இரண்டாவது கர்ப்பம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அப்போது அவள் அங்கே தனியாகக் கிடந்தாள். மருமகன் வேலைக்குப் போய்விட்டால் ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. இந்த முறை போனில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா மட்டும் வந்துட்டா போதும்பா."

அந்தச் சமயம் டிவியில் சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் எடுத்தது. தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நடிப்பு இல்லை, அத்தனையும் நிஜம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வந்து இறங்குகிறவர்களில் சிலரை அதிகாரிகள் ஓரமாக நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அந்த ஆள் தரையைப் பார்த்தால் போதும், பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். "இவர் அதிகாரியின் கண்களைத் தவிர்க்கிறார்" என்று குரல் சொல்லும். விளம்பரம் முடிந்து வந்தால் அந்த ஆளின் பொய் வெளிப்பட்டிருக்கும். வந்த வழியே அனுப்பிவிடுவார்கள்.

வளவனூரில் உரக்கடை வைத்திருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, எங்கள் வீட்டுக்கு வந்தால் இதைப் பார்க்காமல் போக மாட்டான்.

"மாமா, இவன் திரும்பிப் போறான் பாருங்க."

"இவன் உள்ள போயிடுவான்டா. பின்னால நிக்குது பாரு ஒரு பொம்பள, அதுதான் மாட்டும்."

பெரும்பாலும் நான் சொன்னதுதான் நடக்கும். ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற கண் எனக்கு என்று மச்சான் சொல்வான். நானும் மறுத்ததில்லை.

என் மனைவியோ பேசும்போது கீழே பார்க்கிறவள். பெரியவர்கள் முன்னாலும் அதிகாரிகள் முன்னாலும் கண்ணுக்குக் கண் பார்ப்பது திமிர் என்று வளர்க்கப்பட்டவள். பாஸ்போர்ட்டுக்காக விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் போட்டோ எடுக்கப் போனபோது, "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே போட்டோக்காரர் அலுத்துப்போனார். இந்தக் குனிந்த பார்வையோடு போனால் விசா கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டிலேயே பயிற்சி வைத்தேன். மச்சான் கழுத்தில் துண்டை டை மாதிரி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எதுக்கும்மா போறீங்க?"

"எம் பொண்ணுக்குப் பிரசவம். பத்தியம் வச்சிக் குடுக்கணும், கொழந்தையக் குளிப்பாட்டணும்."

"கண்ணப் பாத்து சொல்லுக்கா."

"உன் கண்ணுல இன்னாடா இருக்குது பாக்கறதுக்கு? தூக்கமே இல்லாத மாதிரி செவந்து கெடக்குது."

"அங்க போயி இப்டிப் பேசுனா விசா இல்ல, ஜெயிலுதான்."

நாளாக ஆக அவளுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் காலையில் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "பால்காரர நேரா பாத்துப் பேசனேங்க. மறுநாளுலேர்ந்து பாலு கெட்டியா வருது."

விசா நேர்காணலுக்கு டிரைவர் வைத்து சென்னைத் தூதரகத்துக்குக் காரில் அழைத்துப்போனேன். உள்ளே அவளை மட்டும்தான் விட்டார்கள். மில்லில் நான் வருகிறேன் என்றால் கேட் தானாகத் திறக்கும். அங்கே எதிர்ச் சாரி மரத்தடியில் நின்றேன். வெளியே வந்தவள் கையில் பாஸ்போர்ட்டும் ஒரு தாளும் இருந்தன. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் தாண்டி, கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"எல்லாம் ஒழுங்காதாங்க சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப் பையன்தான், நம்ம மாப்பிள்ள வயசு இருக்கும். தமிழ்ல எடுத்துச் சொல்ல பக்கத்துல ஒரு பொண்ணு. எதுக்குப் போறீங்கன்னு கேட்டான், எப்ப திரும்புவீங்கன்னு கேட்டான். கண்ணப் பாத்துக்கினுதான் சொன்னேன்."

"அப்புறம் இன்னா?"

"பொண்ணுக்கு இது மொதப் பிரசவமான்னு கேட்டான்."

டீயைக் கீழே வைத்தாள்.

"குனிஞ்சிட்டேன். கொரலு வரல. மறுக்கா கேட்டான். அப்பவும் வரல. என்னையே பாத்துக்கினு இருந்தான். அப்புறம் இந்தத் தாள தள்ளி வுட்டுட்டான். நான் திரும்பி வருவேன்னு நம்பிக்க இல்லியாம்."

"ஒரு நிமிஷம் நிமிந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"அத எப்படிங்க ஒருத்தன் மூஞ்சப் பாத்துக்கினு சொல்றது?"

அங்கிருந்து வீடு வரை நான்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுபடியும் விண்ணப்பித்தோம். கிடைத்த தேதி பிரசவத்துக்கு அப்புறம்தான் இருந்தது.

அந்த வாரம் மச்சான் வந்து வழக்கம்போல டிவியைப் போட்டான். தலையில் துணி கட்டிய ஒரு வயசான அம்மாளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். டொம் என்றது.

"போச்சு. இது திரும்பிப் போவுது மாமா" என்றான்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்து, டிவி முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதுகிட்ட இன்னா கேட்டாங்கன்னு காட்னாங்களாடா?"

மச்சான் யோசித்தான். "இல்லக்கா. அதக் காட்டல."

அவள் உள்ளே போய்விட்டாள். டிவியை நான் அணைத்தேன்.

கமிட்டியில் மூட்டையின் வாயைப் பார்த்து நான் ஒருநாளும் விலை சொன்னதில்லை. அடிவரைக்கும் கையை விட்டு அள்ளி, தோலை உடைத்துப் பருப்பைப் பார்த்த பிறகுதான் பேசுவேன். அந்த வட்டாரத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறவனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் நாட்டிலும் அது வருஷக்கணக்காக ஓடுகிறது, சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அவன் வீட்டிலும் ஓடியிருக்கும். யார் உள்ளே போவார், யார் திரும்பிப் போவார் என்று அவனும் சொல்லிப் பார்த்திருப்பான். பெரும்பாலும் அவன் சொன்னதுதான் நடந்திருக்கும்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மூன்றாம் வாரம் மகள் வீடியோவில் கூப்பிட்டு அழுதாள். குழந்தையைக் குளிப்பாட்டப் பயமாக இருக்கிறதாம்.

மனைவி என்னைப் போனைப் பிடிக்கச் சொன்னாள். தோட்டத்துத் துணி துவைக்கும் கல் பக்கத்தில், புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு தலையணையைத் துண்டில் சுற்றிக் கால்மேல் படுக்கவைத்தாள். அங்கே மகளும் குளியலறைத் தரையில் காலை நீட்டினாள்.

"ரெண்டு காலயும் சேத்து வச்சிக்கோ. ஒரு கை கழுத்துக்கு அடியில இருக்கட்டும். எடுக்காத."

"வழுக்குதும்மா."

"வழுக்காது. நான் பாத்துக்கினுதான இருக்கேன்."

ஒவ்வொரு சொம்பாக இங்கேயும் ஊற்றினாள். அங்கே பிள்ளை வீறிட்டு அழுது, பிறகு அடங்கியது. அது வரைக்கும் மனைவி போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மகள் பிள்ளையைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு போனதும், நனைந்த தலையணையைப் பிழிந்து கொடியில் போட்டாள். மறுநாளைக்குள் அது காய வேண்டும்.