ஆறு மாதம் என்று எழுதினேன்

அந்த ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடந்த ஊர் எங்களுடையது. முதல் நாள் எல்லோரும் நனைந்துகொண்டே சிரித்தோம். மூன்றாம் நாள் கண்மாய் உடைந்தது. பருத்தியும் மிளகாய்க் கன்றும் தண்ணீருக்குள் போயின. ஓடையின் தரைப்பாலத்தை வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போனது.

பருத்திக் காட்டில் இனி யாருக்கும் வேலை கிடையாது. மிச்சமிருந்தது கோவில்பட்டியிலிருந்து வரும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் மட்டும்தான். விடியுமுன் வந்து அக்காவையும் ஊர்ப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகும். மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவதில் அக்காவின் விரல்களை மிஞ்ச ஆளில்லை. அவள் வேலையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பாலம் போனதும் வேன் நின்றது.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, எதையாவது செய்யத் துடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அன்றே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். சும்மா எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆறு மாதத்துக்கு எங்கள் ஊருக்கு வண்டி வர வழியே இல்லை என்று போட்டேன். அந்த ஆறு மாதம் நானாகச் சேர்த்தது.

கடிதம் போன பிறகு ஊரே ஓடையில் இறங்கியது. ஆண்கள் கல் புரட்ட, பெண்கள் சரளை சுமந்து கொட்ட, பத்தே நாளில் வேன் இறங்கி ஏற ஒரு பாதை ஆகிவிட்டது. கடிதம் அச்சில் வந்தது அதற்கப்புறம்தான். டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்தார்களாம். எனக்குக் கலெக்டரம்மா என்று பேர் வைத்தார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வேன் மட்டும் வரவில்லை. அக்காவும் மற்றவர்களும் மெயின் ரோடு வரை நடந்துபோய் அதை மறித்தார்கள்; நானும் கூடப் போனேன். உள்ளே வேறு ஊர்ப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இறங்காமலே சொன்னார்.

"மானேசர் பேப்பரப் பாத்துட்டாரு தாயி. ஆறு மாசத்துக்கு வழியே இல்லன்னு உங்க ஊர்க்காரியே எழுதியிருக்காள்லா. வேற ஊர்ல ஆளெடுத்தாச்சு."

திரும்பி நடந்தோம். காலில் ஒட்டிய கரிசலை உதறுவதற்குக்கூட யாரும் நிற்கவில்லை.

தை பிறந்ததும் அக்கா பக்கத்து வீட்டு மதினியோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள். அவள் துணிகளை மடிக்க மடிக்க நான் அழுதேன்.

"ஒரு மாசம்னு எழுதியிருக்கலாம்லாட்டி," என்று சிரித்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். நான்கு நாள் இருப்பாள். மற்ற நாட்களில் இரண்டு பேர் படுக்கும் பாயைத்தான் இன்னமும் என் கை எடுக்கிறது. அவளுக்கு எழுதும் கடிதங்களில் வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. பாலம் கட்டிவிட்டார்கள், டவுன் பஸ் இரண்டு நேரம் வருகிறது, ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறி காலையில் கோவில்பட்டியில் இறங்கினால் மத்தியானக் கஞ்சிக்கு வீட்டில் இருக்கலாம் என்று எழுதுகிறேன்.