நான் வெட்டிய பாதிப் படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு செங்கல்பட்டில் ஒரு சின்னக் கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில், கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு அமைக்கும் வேலை. என்னோடு திருக்கழுக்குன்றத்திலிருந்து ஓர் அக்கா வருவார். என்னைவிட நான்கு வருடம் சீனியர். எந்த இடத்தில் எவ்வளவு பெரிய கல், எந்தச் சரிவில் என்பதெல்லாம் அவர் போட்டுத் தந்ததுதான். நான் அவரோடு நின்று கற்றுக்கொண்டவன்.

வேலை முடிந்ததும் சென்னைப் பக்கம் பெரிய கம்பெனிக்குப் போக ஆசைப்பட்டேன். வேலை தேடுகிறவர்கள் தங்கள் விவரத்தைப் போட்டு வைக்கும் இணையதளத்தில் எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. ஐந்து மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என் நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி கீது? நீ கடல்ல கல்லு போட்டவன். அத்த காட்டு" என்றான்.

போனில் தேடினேன். வளைவின் நுனியில் நானும் அக்காவும் ஹெல்மெட்டோடு நிற்கிற படம் கிடைத்தது. அக்காவின் பக்கத்தை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டேன். பக்கத்தின் மேலே, கல் வரிசை கடலுக்குள் நீள்கிற இன்னொரு படம். பத்தே நாளில் அழைப்பு வந்தது. அடுத்த மாதம் வேலையிலும் சேர்ந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து அக்கா போன் செய்தார். "உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாமே. நானும் போட்டிருக்கேன்பா. கேட்டாங்கன்னா ஒரு வார்த்தை சொல்லு."

"கண்டிப்பாக்கா" என்றேன்.

மேலாளர் கேட்கவும் செய்தார். கம்ப்யூட்டரில் அக்காவின் பக்கம் திறந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் வட்டம். "இவங்களும் அதே வேலையைத்தான் எழுதியிருக்காங்க. ஒரு போட்டோகூட இல்ல. உங்க படத்துலயும் காணோம். சைட்டுக்கு வந்தவங்கதானா?"

முழுப் படம் என் சட்டைப்பையில், போனில் இருந்தது. எடுத்துக் காட்டினால் நான் வெட்டியது தெரிந்துவிடும். "வருவாங்க சார். ஆனா ஆபீஸ் வேலைதான் ஜாஸ்தி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அக்காவை நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை.

சில வாரம் கழித்து செங்கல்பட்டு ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறுவதற்குள் அவரே பேசினார். "உன் போட்டோ பார்த்தேன்பா. நல்லா வந்திருக்கு. ஓரத்துல கொஞ்சம் துப்பட்டா தெரியுதே, அது என்னோடதுதானே?" குரலில் கோபமே இல்லை. ரயில் வந்ததும் மகளிர் பெட்டியில் ஏறிப் போய்விட்டார்.

அன்றே முழுப் படத்தையும் போட்டு, திட்டம் போட்டவர் இவர்தான் என்று எழுதினேன். மேலாளரிடமும் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன, ஆள் எடுத்தாச்சே" என்றார். அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். "பரவாயில்லப்பா" என்று பதில் வந்தது. பிறகு அவர் பேசவில்லை. இன்னும் அந்தப் பழைய நிறுவனத்தில்தான் இருக்கிறார்.

படத்தை வெட்டியதையாவது யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மேலாளருக்குச் சொன்ன அந்தப் பதில், நன்றாக யோசித்தே சொன்னது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.