பேருந்துக்கு முதுகு காட்டி நின்றவள்

மலையை வெட்டிச் சாலை போட்ட இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம். அங்கே நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பேருந்து வரும் திசையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் மட்டும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டுப்பட்ட பாறையைப் பார்த்து நிற்பாள். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம். மாலை வண்டி ஓட்டுநருக்கும் இது பழகிப்போய்விட்டது. நிறுத்தத்தை நெருங்கும்போதே அவளுக்காகச் சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார். அவள் திடுக்கிட்டுத் திரும்பி, கடைசி ஆளாக ஏறுவாள்.

“என்னம்மா, சுவர் இன்னைக்கு என்ன சொல்லுச்சு?” என்பார்.

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். இயந்திரத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு கோட்டின் பையையும் துழாவிப் பார்ப்பது அவள் பொறுப்பு. பேனா வரும், சாவி வரும், ஒருமுறை பல்செட்டே வந்தது. கழன்று விழுந்த பொத்தான்களை யாரும் கேட்டு வருவதில்லை. அவற்றை ஒரு டப்பாவில் போட்டு நாத்தனாருக்குக் கொண்டுவருவாள். புருஷனின் தங்கையான அவள் இவர்களோடுதான் இருக்கிறாள். முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருக்கிறாள். வாய் அவளுக்கு இயந்திரத்தைவிட வேகம்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்கு மறுநாள், பாறையின் அடியில் ஒரு பொத்தான் கிடந்தது. வட்டமாக, சாம்பல் நிறமாக, நடுவில் ஒரு துளையோடு. தொழில் புத்தி, கை தானாகப் போய் எடுத்தது. மறுவாரம் இன்னொன்று. யாரோ ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து வந்து பொத்தானைத் தொலைக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். எல்லாம் டப்பாவுக்குள் போயிற்று.

ஆறு மாதம் கழித்து நாத்தனார் முன்னறையிலிருந்து கத்தினாள். “அண்ணி! இது பொத்தானே இல்ல, கல்லு! ஓட்டை அடைச்சுக் கிடக்கு. என் ஊசி ரெண்டாப் போச்சு.”

இன்டர்நெட் கடைக்குப் போய்த் தேடிவிட்டு வந்ததும் அவள்தான். “கடல்ல இருந்த பிராணியாம். பாக்கப் பூ மாதிரி இருக்குமாம். அதோட தண்டு உதிர்ந்துதான் இப்படி வட்டம் வட்டமா கிடக்காம். கடல் அல்லின்னு பேரு போட்டிருக்கு.”

“இங்க ஏது கடல்?”

“கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சாம்.”

“அதானே பார்த்தேன்,” என்றார் பூட்டு பழுது பார்த்துக்கொண்டிருந்த புருஷன். “நம்ம வீட்டுச் சுவர்ல ஏன் இப்படி ஈரம் ஏறுதுன்னு.”

அன்று முதல் அவளுக்குப் பாறை வேறு மாதிரி தெரிந்தது. இஸ்திரி போட்டு அடுக்கிய போர்வைகள் போல் அடுக்கடுக்காக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் யாரோ அவசரத்தில் சுருட்டித் திணித்தது போல் அடுக்கு மடங்கிக் கிடந்தது. எந்த அடுக்கிலிருந்து பொத்தான் உதிர்கிறது, எதில் சிப்பி இருக்கிறது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே பிடிபட்டது.

தப்பும் நடந்தது. துணியில் துருக்கறை பட்டால் போடுகிற அமிலத்தில், கல் பளிச்சென்று ஆகட்டும் என்று நல்ல பொத்தான்களாகப் பன்னிரண்டை ஊறப்போட்டாள். அவை சோடா போல் பொங்கின. அழுக்குப் போகிறது என்று சந்தோஷமாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கிண்ணத்தில் கொஞ்சம் வண்டல்தான் மிச்சம். அத்தனை கோடி வருஷம் தாக்குப்பிடித்ததை ஒரு டீ நேரத்தில் கரைத்துவிட்டோமே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வெறும் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும்தான்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தாள். விழுந்ததை எடுப்பாள், பாறையில் கை வைக்க மாட்டாள். பாறையைத் தொடக் கூடாதென்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பலகை போதும்.

இப்படி இருக்கையில்தான், ஒரு மழைக்காலத்தில், இரண்டாள் உயரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பலகைக்கல்லின் அடிப்பக்கம் மண் கரைந்து, ஒரு தண்டின் நுனி தெரிந்தது. அடுத்த வருஷம் ஒரு விரல் நீளத்துக்குத் தண்டு. அதற்கடுத்த வருஷம் அதன் மேல் ஒரு கிண்ணம். எட்டாவது வருஷம், விரல்களைக் குவித்த கை போல, பூவே முழுசாக வெளியே வந்துவிட்டது. அதுவரை அவளிடம் முந்நூறு பொத்தான் இருந்தது, ஒரு பூ கூட இல்லை. அது விழக் காத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்த்தால், பாறையில் மஞ்சள் சாயத்தில் கோடு கோடாக இழுத்திருந்தது. முன்னால் கயிறு கட்டியிருந்தது. கல் சரிந்து சாலையில் விழாமல் இருக்க, திங்கட்கிழமை முதல் கம்பிவலை அடித்து, மேலே சிமென்ட் பூசப்போகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் சொன்னாள்.

“போய்க் கேளுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“என்னன்னு கேக்கறது?”

“ஐயா, அந்தக் கல்லு வேணும்னு. நாலு வார்த்தை. எண்ணிப் பாருங்க.”

“நீ வந்து கேளேன்.”

“எனக்கென்ன, நான் கேப்பேன். ஆனா எந்தக் கல்லுன்னு காட்ட எனக்குத் தெரியாதே! எட்டு வருஷமா சைட் அடிச்சது நீங்கதான்.”

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தாள். அந்த நாலு வார்த்தையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். கயிற்றருகே மஞ்சள் தொப்பி போட்ட மேற்பார்வையாளர் நின்றார். அவரைப் பார்த்ததும் நாலும் மறந்துபோயிற்று. பையிலிருந்து பொத்தான் ஒன்றை எடுத்து நீட்டி, “இதோட பூ அங்க இருக்குங்க,” என்றாள்.

அவர் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “பூவா? அம்மா, அதுக்கு மட்டும் ஜன்னல் விட்டா பூச முடியும்? தண்ணி இறங்கி எல்லாம் பேத்துக்கிட்டு வந்துடும். கயிறைத் தாண்டி வராதீங்க.”

சரி என்று தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. அரை மணி நேரம் அதே இடத்தில் நின்றாள். மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டியவர் இறங்கி வந்தார்.

“எந்த இடம்கா?”

காட்டினாள்.

“அட, அந்தத் துருத்தலா? பூசறதுக்கு முன்னாடி அதை எப்படியும் தட்டித்தான் விடணும்.” மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தார். “சார், முதல்ல அதையே எடுத்துடவா?”

“எடு, எடு. அவங்க நிக்கிறதைப் பார்த்தா எனக்கே என்னவோ மாதிரி இருக்கு. அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க, இன்னும் தள்ளி.”

இயந்திரத்தின் இரும்புக் கை மேலே போய், பல் பிடுங்குவது போல் மெல்லத் தட்டியது. கல் அசைந்தது. மெதுவாகத்தான் விட்டார். ஆனாலும் விழுந்த வேகத்தில் மூன்றாக உடைந்துவிட்டது. அவர் வாரிக்கொண்டு வந்து கயிற்றடியில் வைத்ததில் இரண்டு துண்டுதான் இருந்தது. தண்டு ஒன்றில், கிண்ணமும் பாதி விரல்களும் இன்னொன்றில். விரல் நுனிகள் இருந்த துண்டு குவியலோடு குவியலாக லாரியில் ஏறிப் போய்விட்டது.

“ஸாரிக்கா. முழுசா குடுக்கணும்னுதான் பார்த்தேன்.”

“பரவாயில்லைங்க,” என்றாள். பிறகு ஒரு கேள்வியைத் தானாகவே கேட்டாள். “இந்த மண்ணெல்லாம் எங்க கொட்டுவீங்க?”

“லாரி நிறுத்தற மைதானம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி பள்ளம். அதை நிரப்பத்தான்.”

அவள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளம் பத்து நிமிஷ நடை. பதினெட்டு வருஷமாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த அடுக்கெல்லாம் அங்கே தரையில், கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறங்கப்போகிறது.

நனைந்த போர்வை மூட்டை கனத்துக்கு இருந்த கல்லைச் சாக்கில் கட்டி, மாலை வண்டியில் ஏறினாள்.

“என்னம்மா, சுவரையே பேத்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணே. கேட்டேன், குடுத்தாங்க.”

அவர் வண்டியை எடுக்காமல் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார்.

இப்போது அந்தப் பாறை மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறச் சிமென்ட். நிறுத்தத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டார்கள். அங்கே அவளும் மற்றவர்களைப் போலப் பேருந்து வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கிறாள், ஹாரன் மட்டும் இன்னும் இரண்டு தடவை அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் மூன்று பேரும், மைதானக் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் பள்ளத்துக்குப் போகிறார்கள். நாத்தனார் தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறாள், அதை யாரும் தொடக் கூடாது. பூ முன்னறை ஜன்னலோரம் இரண்டு துண்டாக இருக்கிறது. மூன்றாவது துண்டு இன்னும் கிடைக்கவில்லை.