பதினைந்தாம் அத்தியாயம்

அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் புதுப் பசையும் பாச்சை உருண்டையும் கலந்து மணக்கும். ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கருவாடு மணக்கையில் என் வகுப்புத் தோழன் ஆரோக்கியத்தின் மடியில் மட்டும் அந்த வாசனை இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். கப்பலில் வேலை செய்த அவன் மாமா கொண்டுவந்த மாயக்கதை அது, பதினைந்து அத்தியாயம். இருவருக்கும் வயது பத்து, வகுப்பில் அவனைவிட நன்றாக வாசிப்பவன் நான். ஆனாலும் மாலைதோறும் மாதா கோவில் மதிலோரம் ஒன்பது பையன்கள் அவனைச் சுற்றி உட்கார, அவன் தட்டுத் தடுமாறி ஓர் அத்தியாயம் வாசிப்பான். "நைனா, இன்னொண்ணு படி நைனா" என்று கெஞ்சுவார்கள். என்னிடம் யாரும் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஒரு திருட்டுப் பையனுக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்று மலையேறும் வெள்ளை மானின் கதை. நான்காம் அத்தியாயத்தில் தாய்மான் எதிரே வந்தது. ஆறாவதில் ஒருத்தி அதன் முகத்தைத் துணியால் துடைத்தாள். ஒன்பதாவதில் மான் மூன்றாம் முறை விழுந்தபோது மற்றவர்கள் அழுதார்கள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளிதோறும் நாங்கள் முழந்தாளிடும் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்கள், இயேசு சிலுவை சுமந்துபோன நிகழ்ச்சிகள், அதே வரிசையில் வந்தன. எழுதியவர் ஆண்டவரை மானுக்குள் ஒளித்துவைத்திருந்தார். கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் பெருமை அவன் புத்தகத்துக்கல்லவா போகும்!

பதினான்காவதில் மானைப் புதைத்தார்கள். மறுநாளே எங்களுக்கு ஞானோபதேசம் கற்பித்த உபதேசியாரிடம் போய், "ஆண்டவரை மிருகமாக்கி எழுதியிருக்குதுங்க ஐயா" என்று கோள் மூட்டினேன். அவர் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். அடுப்பில் போடுவார் என்று காத்திருந்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் கடைசி அத்தியாயத்தை ஆரோக்கியமே எல்லாருக்கும் வாசிக்கட்டும்" என்றார்.

ஈஸ்டரன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். நண்பகலில் ஆரோக்கியம் மூச்சிரைக்க எங்கள் வாசலுக்கு வந்தான்.

"இன்னாடா, நீ ஏன் வரல?"

"தெரியும் போடா. மூணாம் நாள் மான் எழுந்திருக்கும்."

"அது யாருக்குத்தான் தெரியாது? எழுந்து நேரா அந்தத் திருட்டுப் பையன் வூட்டுக்கு வந்து இன்னா சொல்லிச்சி தெரியுமா?"

கதவைச் சாத்தினேன்.

இன்று அந்த மதிலின் இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. உபதேசியார் இல்லை, ஆரோக்கியம் இறந்து பதினோரு ஆண்டாகிறது; இருந்தவரை அவனிடம் நான் கேட்கவேயில்லை. நான்கு நூலகங்களில் தேடிவிட்டேன், புத்தகம் கிடைக்கவில்லை. அந்த ஒன்பது பேரில் மிஞ்சிய இருவரைக் கேட்டேன். மான் நினைவிருக்கிறது, அது சொன்னது நினைவில்லை என்கிறார்கள். அவர்களாவது கேட்டு மறந்தவர்கள். அதிலும் எனக்குப் பொறாமைதான்.