மாங்காட்டில் ஒரு மனு

மாங்காடு காமாட்சியம்மன் சந்நிதி வரிசையில் எலுமிச்சம்பழங்களோடு நிற்கிறேன். நாளை என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. வாரம் தவறாமல் பழம் கொடுக்கும் வேண்டுதலில் கடைசி வாரத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். காப்பீடு, ரத்தம், இன்னொரு மருத்துவரின் கருத்து எல்லாவற்றையும் நானே முடித்துவிட்டேன். அம்மனுக்கென்று வேலை எதுவும் மிச்சமில்லை.

குருக்கள் பழங்களை வாங்கிக்கொள்கிறார். நான் கண்ணை மூடி நோயாளியின் பெயர், வார்டு, மருத்துவர், நேரம் என்று முறைப்படி விண்ணப்பிக்கிறேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல.

"இன்னா சார், அம்மனுக்கே ஆர்டர் போட்டுகினு கீற?" என்கிறாள் பின்னால் நிற்கும் பூக்காரம்மா. "என்னால ஆவலம்மா, நீ பாத்துக்கோன்னு சொல்ட்டு நவுரு."

வரிசையில் சிரிப்பு. அரசு அலுவலக வேலையில் இருந்தவரை, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று மனுவோடு வந்த மக்களை விரட்டியவன் நான். முகம் சுடுகிறது.

"என்னால முடியலம்மா, நீ பாத்துக்கோ" என்கிறேன்.

நேற்று மனைவி, "பயமா இருக்குங்க" என்றாள். இந்தச் சிகிச்சையில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து அவளைக் கைபேசியில் அழைக்கிறேன்.

"எனக்கும் பயமா இருக்குடி."